ஓடும்போது நின்றுபோகும் கார்: வலுகாஸ் அறிக்கையை வாசித்தல்

என்னுடைய காருக்கு இருபது வயசு தாண்டிவிட்டது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அது ஒரு புதுப் பழக்கம் கற்றுக்கொண்டது. ஓடிக்கொண்டிருக்கும்போதே அணைந்துபோகும். தினமும் இல்லை, வாரத்துக்கு ஒரு தடவை. சில வாரம் அதுவும் இல்லை. ஓரங்கட்டி கால் மணி நேரம் நின்றால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகிவிடும். மெக்கானிக்கிடம் மூன்று முறை விட்டேன். மூன்று முறையும் ஒரே பதில்தான்: “சார், பத்து கிலோமீட்டர் ஓட்டிப் பாத்துட்டேன், ஒரு தடவகூட நிக்கல. ஸ்கேனர் போட்டேன், எரர் ஒண்ணும் காட்டல. நீங்க கிளட்ச்ச டக்குனு விட்டிருப்பீங்க.”

எனக்கு அவர்மேல் கோபப்பட உரிமை இல்லை. சாஃப்ட்வேர் வேலையில் நாங்கள் தினமும் செய்வது இதைத்தான். பயனர் ஒரு பிழையைச் சொல்வார், நம் மெஷினில் ஓட்டிப் பார்ப்போம், வராது. “என்னால் வரவழைக்க முடியவில்லை” என்று எழுதி டிக்கெட்டை மூடிவிடுவோம். அந்த வாக்கியம் “என்னால்” என்று தொடங்குவதை யாரும் கவனிப்பதில்லை. பிழை இல்லை என்று அது சொல்லவில்லை. என் கையில் அகப்படவில்லை என்றுதான் சொல்கிறது. ஆனால் டிக்கெட் மூடியதும் இரண்டுக்கும் வித்தியாசம் காணாமல் போய்விடுகிறது.

இந்த எரிச்சலில் இரவு நேரங்களில் தேடித் தேடிப் படித்தபோது வந்து சேர்ந்ததுதான் வலுகாஸ் அறிக்கை. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் கார்களில் இருந்த இக்னிஷன் சுவிட்ச் கோளாறைப் பற்றி, அந்த நிறுவனமே அமர்த்திய வழக்கறிஞர் ஆன்டன் வலுகாஸ் தயாரித்து 2014 ஜூனில் வெளியானது. முந்நூறு பக்கங்களுக்கு மேல். 230 பேருக்கு மேல் பேட்டி எடுத்து, 4 கோடிக்கும் அதிகமான ஆவணங்களைத் திரட்டி எழுதப்பட்டது. லேமன் பிரதர்ஸ் வங்கி விழுந்தபோது நீதிமன்றத்துக்காக அதை ஆராய்ந்து எழுதியவரும் இதே வலுகாஸ்தான். வாகனத் துறையில் இல்லாதவர்களும் இந்த அறிக்கையைப் படிக்கலாம், படிக்கவேண்டும் என்பது என் கருத்து. அதே சமயம் இதன் முடிவுரையை அப்படியே நம்பக்கூடாது என்பதும் என் கருத்து. ஏன் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

கோளாறு என்ன?

முதலில் இயந்திரம். செவ்ரலே கோபால்ட், சாட்டர்ன் அயான் போன்ற சிறிய கார்கள். சாவியைத் திருப்பும் சுவிட்சில் வழக்கமான நிலைகள்: ஆஃப், ஆக்சஸரி, ரன், ஸ்டார்ட். சாவி ரன் நிலையிலேயே உட்கார்ந்திருக்க உள்ளே ஒரு ஏற்பாடு உண்டு. ஸ்பிரிங் தள்ளும் ஒரு சின்ன முளை ஒரு பள்ளத்தில் போய் விழும். சாவியைத் திருப்பும்போது ‘டக்’ என்று விரலுக்குத் தெரிகிறதே, அதுதான். அந்த முளை எவ்வளவு பலமாகப் பிடிக்கவேண்டும் என்பதற்கு நிறுவனத்தின் சொந்த அளவு 20 நியூட்டன் சென்டிமீட்டர், ஐந்து முன்பின் இருக்கலாம். புரிகிற மாதிரி சொன்னால், சாவியின் அச்சிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் தள்ளி ஒரு கிலோ எடையைத் தொங்கவிட்டால் வரும் முறுக்கு. பெரிய விசை ஒன்றும் இல்லை. வந்த சுவிட்சோ குறைந்தபட்ச அளவான 15ஐக்கூட எட்டவில்லை. அது தெரிந்தேதான் 2002ல் அதற்கு ஒப்புதல் தரப்பட்டது.

இதோடு இரண்டு சின்ன விஷயங்கள் சேர்ந்துகொண்டன. சுவிட்ச் ஸ்டீயரிங் தண்டில் தாழ்வாக இருந்தது. உயரம் குறைந்தவர்களின் முழங்கால் படும். சாவியின் தலையில் வளையம் மாட்டும் துளை வட்டமாக இல்லாமல் நீளமான பிளவாக இருந்தது. கொத்துச்சாவி பிளவின் ஓரத்துக்கு நகர்ந்து இழுத்தால் நெம்புகோல் நீளம் கூடும். மேடுபள்ளமான சாலை, கனத்த சாவிக்கொத்து, ஒரு முழங்கால் இடி. சாவி ரன்னிலிருந்து ஆக்சஸரிக்கு நழுவும். என்ஜின் அணையும். பவர் ஸ்டீயரிங் போகும். பிரேக்குக்குக் கிடைக்கும் துணைவிசை போகும். கூடவே இன்னொன்றும் போகும், அதுதான் உயிரை எடுத்தது: ஏர்பேக். சாவி ஆக்சஸரியில் இருந்தால் வண்டி நிறுத்தப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். நிறுத்திய வண்டியில் ஏர்பேக் வெடிக்கக்கூடாது என்பது வடிவமைப்பு. எந்தத் தருணத்தில் ஏர்பேக் மிகவும் தேவையோ அந்தத் தருணத்தில் அது அணைந்திருந்தது.

இதில் என்னைப் போன்றவர்களுக்கு உறைப்பது ஒன்று. ஸ்கேனரில் எரர் கோடு எதுவும் வராது. ஏனென்றால் காரின் கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை கோளாறே நடக்கவில்லை. யாரோ சாவியைத் திருப்பி என்ஜினை அணைத்தார்கள், அவ்வளவுதான். ஓடும் புரோகிராமை வெளியிலிருந்து ஒரே அடியில் கொன்றால் அதன் லாக் கோப்பில் கடைசி வரி சாதாரணமாகத்தானே இருக்கும், அதே கதை. பதிவு இல்லை என்பது நிகழ்வு இல்லை என்று ஆகாது. இந்த வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

யாருக்குத் தெரியவில்லை?

கோளாறு ஒளிந்திருக்கவில்லை என்பதை அறிக்கை வரிசையாகக் காட்டுகிறது. கோபால்ட் சந்தைக்கு வந்த 2004லேயே நிறுவனத்தின் ஆட்கள் ஓட்டிப் பார்க்கும்போது முழங்கால் பட்டு என்ஜின் அணைந்தது. உள்ளே ஒரு புகார் பதிவானது. 2005ல் பத்திரிகைகளில் கார் விமர்சனம் எழுதுகிறவர்கள் இதையே எழுதினார்கள். நியூயார்க் டைம்ஸில் வந்த விமர்சனத்தில் எழுதியவரின் மனைவி கார் ஓட்டும்போது முழங்கால் இடித்து வண்டி அணைந்த கதை இருக்கிறது. நிறுவனத்தின் செய்தித் தொடர்பாளர் தந்த விளக்கம்: என்ஜின் அணைந்தாலும் வண்டியைக் கட்டுப்படுத்த முடியும், ஓரங்கட்டி திரும்ப ஸ்டார்ட் செய்துகொள்ளலாம். அதாவது இது பாதுகாப்புப் பிரச்சினை இல்லை, வாடிக்கையாளரின் வசதி சம்பந்தப்பட்டது.

அந்த ஒரு வகைப்பாடு பத்து வருஷக் கதையைத் தீர்மானித்தது. “வசதி” என்ற பெட்டிக்குள் போட்டுவிட்டால் அதற்குமேல் விலைக்கணக்குப் பார்க்கலாம். பார்த்தார்கள். யோசிக்கப்பட்ட தீர்வுகளில் எதுவும் வியாபாரக் கணக்குக்கு ஒத்துவரவில்லை என்று 2005 மார்ச்சில் அந்தப் புகார் மூடப்பட்டது. “பாதுகாப்பு” என்ற பெட்டியில் போட்டிருந்தால் அந்தக் கணக்கையே போட்டிருக்க முடியாது. எங்கள் வேலையில் பிழைக்குத் தீவிர எண் கொடுக்கிற கூட்டங்களில் நான் உட்கார்ந்திருக்கிறேன். 2 என்பதை 3 ஆக்க அரை நிமிஷம் போதும். கையைத் தூக்கி ஆட்சேபிப்பவர் ஒருவராவது இருந்தால் அபூர்வம்.

2005 டிசம்பரில் டீலர்களுக்கு ஒரு சர்வீஸ் குறிப்பு போனது. சாவிக்கொத்தில் உள்ள கனமான பொருட்களை எடுத்துவிடச் சொல்லுங்கள், பிளவை அடைக்க ஒரு சின்னச் செருகி இருக்கிறது, கேட்டால் கொடுங்கள் என்பது சாரம். அந்தக் குறிப்பில் ‘ஸ்டால்’ என்ற சொல் கிடையாது. ஏன் என்று அறிக்கை விளக்கும் இடம்தான் என்னைப் பொறுத்தவரை இந்த முந்நூறு பக்கங்களின் மையம். அது சூடான சொல்லாம். அதைப் போட்டால் அரசின் பாதுகாப்பு நிர்வாகம் கவனிக்க ஆரம்பிக்கும் என்று தவிர்த்தார்கள். விளைவு? தன் கார் ஓடும்போது அணைகிறது என்று வந்து நிற்கும் வாடிக்கையாளருக்காக ஒரு சர்வீஸ் ஆள் கம்ப்யூட்டரில் “ஸ்டால்” என்று தேடினால், சரியான பதில் உள்ள குறிப்பு கண்ணில் படாது. அரசிடமிருந்து மறைக்கப்போய்த் தங்கள் சொந்த மெக்கானிக்கிடமிருந்தே மறைத்தார்கள்.

இது தனி ஒருவரின் தயக்கமும் இல்லை. 2008ல் ஊழியர்களுக்குக் கொடுத்த ஒரு பயிற்சியில் எழுதக்கூடாத 69 சொற்களின் பட்டியல் இருந்தது என்பது 2014ல் பாதுகாப்பு நிர்வாகத்துடன் செய்த ஒப்பந்தத்தின் வழியாக வெளியே வந்தது. டைட்டானிக், மரணப்பொறி மாதிரி மிகைச்சொற்களைத் தவிர்க்கச் சொன்னால் புரிந்துகொள்ளலாம். ‘கோளாறு’ என்பதற்குப் பதில் ‘வடிவமைத்தபடி செயல்படவில்லை’ என்று எழுது, ‘பிரச்சினை’ என்பதற்குப் பதில் ‘நிலைமை’ என்று எழுது என்றால்? சொல்லை எடுத்துவிட்டால் பொருளை யோசிப்பதும் கொஞ்சம் கொஞ்சமாக நின்றுவிடும். ஆபீசில் வேலை பார்க்கிற எவருக்கும் இந்த மொழி பரிச்சயம்தான். தமிழ்நாட்டில் இருந்தபடி ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதிப் பிழைக்கும் என் மாதிரி ஆட்களுக்கு இன்னும் பரிச்சயம்.

2007ல் நடந்ததைப் படிக்கும்போதுதான் வயிறு கலங்குகிறது. விஸ்கான்சின் மாநிலத்தில் 2006 அக்டோபரில் நடந்த ஒரு விபத்தில் இரண்டு பெண்பிள்ளைகள் இறந்துபோனார்கள். அதை விசாரித்த மாநிலப் போலீஸ்காரர் ஒருவர் இரண்டையும் இரண்டையும் கூட்டினார். சாவி ஆக்சஸரியில் இருந்தது, ஏர்பேக் விரியவில்லை, இப்படி ஒரு சர்வீஸ் குறிப்பு ஏற்கனவே இருக்கிறது. 2007 பிப்ரவரியில் அவர் எழுதிய அறிக்கையில் இந்த இணைப்பு இருக்கிறது. அந்த அறிக்கை நிறுவனத்தின் கோப்புகளுக்குள்ளும் வந்து சேர்ந்தது. ஆனால் நிறுவனத்தின் பொறியாளர்களுக்கு அதே இணைப்பு எட்ட இன்னும் பல வருஷம் ஆனது. என்ஜின் அணைவதைப் பார்த்தவர்கள் ஒரு குழு, ஏர்பேக் விரியாததைப் பார்த்தவர்கள் இன்னொரு குழு. தன் காரைத் தானே செய்தவர்களுக்குத் தெரியாதது, வேறு வேலை செய்கிற ஒரு போலீஸ்காரருக்குத் தெரிந்தது. அவருக்குப் பெட்டிகள் இல்லை, அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

எண் மாறாத உதிரிபாகம்

2006 ஏப்ரலில் சுவிட்சை வடிவமைத்த பொறியாளர் ஒரு மாற்றத்துக்கு ஒப்புதல் கொடுத்தார். முளை கொஞ்சம் நீளமானது, ஸ்பிரிங் பலமானது. நல்ல மாற்றம்தான், கோளாறைத் தீர்க்கும் மாற்றம். ஆனால் உதிரிபாக எண் மாறவில்லை. பழையதும் புதியதும் ஒரே எண்.

நிரல் எழுதுகிறவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. பதிப்பு எண்ணை மாற்றாமல் உள்ளே உள்ளதை மாற்றிவிட்டால் எந்தப் பதிப்பில் பிழை இருந்தது என்ற கேள்விக்கே பதில் இருக்காது. பின்னால் விசாரிக்க வந்த பொறியாளர்கள் புள்ளிவிவரத்தைப் பார்த்தார்கள். 2007 வரையிலான கார்களில் ஏர்பேக் விரியாத விபத்துகள் இருக்கின்றன, 2008லிருந்து இல்லை. என்ன மாறியது? பாக எண்ணைப் பார்த்தால் ஒன்றும் மாறவில்லை. வடிவமைத்தவரைக் கேட்டால் அவரும் ஒன்றும் மாறவில்லை என்றார். குற்றவாளியே இல்லாத குற்றம் மாதிரி விசாரணை வருஷக்கணக்கில் சுற்றிச் சுற்றி வந்தது.

முடிச்சு அவிழ்ந்தது வெளியிலிருந்து. ஜார்ஜியா மாநிலத்தில் 2010 மார்ச்சில் ஓர் இளம்பெண் தன் 2005 கோபால்டில் இறந்தார். அதற்குச் சில நாள் முன்னால்தான், ஓடும்போது என்ஜின் அணைகிறது என்று சொல்லி வண்டியைச் சர்வீசுக்கு விட்டிருந்தார். வேறு ஏதோ வேலை பார்த்துத் திருப்பிக் கொடுத்தார்கள். குடும்பம் வழக்குத் தொடுத்தது. அவர்கள் தரப்பில் அமர்த்தப்பட்ட ஒரு பொறியாளர் விபத்துக் காரின் சுவிட்சையும், கடையில் வாங்கிய அதே எண்ணுள்ள புதிய சுவிட்சையும் பிரித்துப் பக்கத்தில் வைத்து அளந்தார். முளையின் நீளத்தில் ஒன்றரை மில்லிமீட்டர் சொச்சம் வித்தியாசம். 2013 ஏப்ரலில் சாட்சியம் எடுத்தபோது இது நிறுவனத்தின் முன்னால் வைக்கப்பட்டது. அதற்குப் பிறகும் ரீகால் அறிவிப்பு வர 2014 பிப்ரவரி ஆனது. எல்லாம் சேர்த்து சுமார் 26 லட்சம் கார்கள்.

நீதிமன்றத்துக்காக ஒரு வெளியாள் செய்த வேலை என்ன? இரண்டு பொருளை மேசைமேல் வைத்து அளந்தது. பல வருஷக் கூட்டங்களில் யாரும் செய்யாத வேலை அது. எண்ணை நம்பாதே, பொருளைப் பிரித்துப் பார். பழைய கார் வைத்திருப்பவர்கள் உதிரிபாகக் கடையில் தினமும் கற்கிற பாடம் இதுதான்: “அதே நம்பர்தான் சார்” என்று கொடுப்பார்கள், வீட்டுக்கு வந்து பழையதோடு ஒப்பிட்டால் கிளிப் வேறு மாதிரி இருக்கும்.

அறிக்கை எங்கே தடுமாறுகிறது?

இதுவரை சொன்னதில் பெரும்பகுதிக்கு இந்த அறிக்கைக்குத்தான் கடன்பட்டிருக்கிறேன். தன்னை அமர்த்திய நிறுவனத்தைப் பற்றி இவ்வளவு வெளிப்படையாக எழுதியது சாதாரணமில்லை. கைகளைக் குறுக்கே கட்டி விரல்களை இரண்டு பக்கமும் நீட்டி “அது அவர் வேலை” என்று காட்டும் சைகைக்கு உள்ளே ஒரு பெயரே இருந்தது, எல்லோரும் தலையாட்டிவிட்டு எதுவும் செய்யாமல் அறையை விட்டு வெளியேறுவதற்கு இன்னொரு பெயர் இருந்தது போன்ற விவரங்கள் இதில்தான் கிடைக்கின்றன. நடையும் நன்றாக இருக்கிறது. வழக்கறிஞர் மொழியைவிடக் குறிப்பேட்டு மொழிக்குப் பக்கத்தில் இருக்கும். எந்தக் கூட்டம், யார் இருந்தார்கள், என்ன முடிவு, அடுத்தது யார் கைக்குப் போனது என்று இழை விடாமல் போகிறது.

ஆனால் மேலே போகப்போக இழை மெலிகிறது. பொறியாளர்கள் அளவில் ஒவ்வொரு மின்னஞ்சலையும் பிரித்துப் பார்க்கிற அறிக்கை, உயர் நிர்வாகத்துக்கு வந்ததும் அவர்களுக்கு இது தெரிந்திருந்தது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை என்று முடித்துக்கொள்கிறது. சரி, சான்று கிடைக்கவில்லை. ஆனால் இதே அறிக்கையின் வேறு பக்கங்களில், முக்கியமான பாதுகாப்புக் கூட்டங்களில் குறிப்பு எடுப்பதை வழக்கறிஞர்கள் விரும்பமாட்டார்கள் என்று நினைத்து ஊழியர்கள் குறிப்பே எடுக்கவில்லை என்று எழுதியிருக்கிறது. குறிப்பு எடுக்காத இடத்தில் குறிப்பு கிடைக்கவில்லை என்பது எதை நிரூபிக்கும்?

முன்னே நினைவில் வைக்கச் சொன்ன வாக்கியம் இங்கேதான் வருகிறது. ஸ்கேனரில் எரர் கோடு இல்லை, எனவே வண்டியில் கோளாறு இல்லை என்று சொன்ன மெக்கானிக்கின் தர்க்கமும், கோப்பில் சான்று இல்லை, எனவே மேலே யாருக்கும் தெரியாது என்று வாசகரை நினைக்கவைக்கும் தர்க்கமும் ஒன்றே. எந்தப் பிழையைக் கண்டுபிடிக்க இந்த அறிக்கை எழுதப்பட்டதோ அதே பிழையை அதன் முடிவுரை திரும்பச் செய்கிறது. வலுகாஸ் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவரவில்லை. “தெரியாது” என்பதற்கும் “தெரிந்துகொள்ள வழியில்லாதபடி அமைப்பைக் கட்டியிருந்தார்கள்” என்பதற்கும் உள்ள தூரத்தை அவர் அளக்கவில்லை என்றுதான் சொல்கிறேன். முளையின் நீளத்தை அளந்த அந்தப் பொறியாளர் இதையும் அளந்திருப்பார் என்று தோன்றுகிறது.

இரண்டாவது குறை, எண்ணிக்கை. அறிக்கை வந்த சமயத்தில் நிறுவனம் ஒப்புக்கொண்ட சாவுகள் 13. இழப்பீட்டு நிதியை நடத்திய வழக்கறிஞர் கென்னத் ஃபைன்பெர்க், வந்த விண்ணப்பங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து 2015ல் முடித்தபோது 124 சாவுகளும் 275 காயங்களும் ஏற்கப்பட்டிருந்தன. இரண்டு எண்களும் வெவ்வேறு அளவுகோலில் வந்தவை என்பது உண்மைதான். ஆனால் அளவுகோலை யார் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதும் கதையின் பகுதியில்லையா? நேருக்கு நேர் மோதி முன்பக்க ஏர்பேக் விரியாத விபத்துகளை மட்டும் எண்ணினால், பின்சீட்டில் இருந்தவரும் எதிர்வண்டியில் வந்தவரும் கணக்கில் வரமாட்டார்கள். ஓடும் கார் நடுச்சாலையில் நின்றால் அவர்களும்தானே அடிபடுவார்கள்?

மூன்றாவது, காரணம். திறமையின்மையும் அலட்சியமும்தான், சதி இல்லை என்பதே அறிக்கையிலிருந்து நிறுவனத் தலைவர் மேரி பாரா எடுத்துச் சொன்ன சாரம். பதினைந்து பேர் வேலையிழந்தார்கள். ஆனால் 2015 செப்டம்பரில் அமெரிக்க அரசு வழக்கறிஞர்களுடன் செய்த உடன்படிக்கையில், பாதுகாப்புக் கோளாறை அரசிடமிருந்து மறைத்ததை நிறுவனம் ஒப்புக்கொண்டு 90 கோடி டாலர் கட்டியது. தனிமனிதர் எவர்மீதும் குற்றச்சாட்டு இல்லை. “கவனிக்கவில்லை” என்பதும் “மறைத்தது” என்பதும் வேறு வேறு வினைச்சொற்கள். ஒரே நிகழ்வுக்கு ஒன்றேகால் வருஷத்துக்குள் இரண்டு வினைச்சொல் கிடைத்திருக்கிறது. அறிக்கையை மட்டும் படிப்பவருக்கு முதல் சொல் மட்டும்தான் தெரியும்.

இன்னொரு பழைய வழக்கு

இந்த நிறுவனத்தை மட்டும் தனியாக எடுத்துத் திட்டினால் பாடம் கிடைக்காது. ஃபோர்டு நிறுவனம் எண்பதுகளிலும் தொண்ணூறுகளின் முதல் பாதியிலும் செய்த பல கார்களில் இக்னிஷன் மாட்யூலை டிஸ்ட்ரிபியூட்டர் மேலேயே பொருத்தியது. என்ஜின் சூடு அதன்மேல் நேராக ஏறும். சூடு அதிகமானால் மாட்யூல் செயலிழக்கும், வண்டி நிற்கும். ஆறினதும் சரியாகிவிடும். இழுத்துக்கொண்டுபோய் சர்வீஸ் கொட்டகையில் விடுவதற்குள் ஆறியிருக்கும், பரிசோதித்தால் எல்லாம் சுத்தம். கலிஃபோர்னியாவில் இது வழக்காகி, 2000ல் ஒரு மாநில நீதிபதி ரீகால் செய்ய உத்தரவிட்டார். பிறகு வழக்கு சமரசத்தில் முடிந்தது.

ஒன்றில் அதிர்வு, மற்றதில் சூடு. ஆனால் வடிவம் ஒன்று: கோளாறு வெளிப்படும் நிலைமை சாலையில்தான் இருக்கிறது, கொட்டகையில் இல்லை. “இங்கே வந்தால் நன்றாக இருக்கிறதே” என்பது அந்தக் கோளாறின் அடையாளமே தவிர, அது இல்லை என்பதற்கு ஆதாரம் ஆகாது.

வாசித்ததை வண்டியில் போட்டுப் பார்த்தது

அறிக்கையைப் படித்தபிறகு நான் செய்த முதல் வேலை ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி வண்டிக்குள் போட்டது. ஒவ்வொரு முறை நின்றபோதும் எழுதினேன்: ஓட ஆரம்பித்து எத்தனை நிமிஷம், வெளியே வெயிலா, மேட்டில் ஏறினேனா, பெட்ரோல் எவ்வளவு இருந்தது, நின்றபோது எந்த விளக்கெல்லாம் எரிந்தது, எவ்வளவு நேரம் கழித்து ஸ்டார்ட் ஆனது. ஐந்தாவது பதிவில் ஒரு ஒழுங்கு தெரிந்தது. காலை ஆபீஸ் போகும்போது ஒரு முறைகூட இல்லை. எல்லாமே முப்பது நாற்பது நிமிஷ நெரிசலுக்குப் பிறகு.

சாவிக்கொத்தைக் கழற்றிவிட்டு ஒற்றைச் சாவியோடு ஓட்டினேன், நின்றது. சாவியை ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை. நிற்கும்போது டாஷ்போர்டு இருட்டாகவும் இல்லை. எனவே சுவிட்சும் பேட்டரி இணைப்பும் இல்லை. அடுத்து ஆர்பிஎம் முள். இது எல்லோரும் பார்க்கக்கூடிய குறிப்பு. கியரில் ஓடிக்கொண்டே அணையும்போது சக்கரம் என்ஜினைச் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். முள் வண்டியின் வேகத்தோடு மெதுவாக இறங்கினால் பெட்ரோல் பக்கம் தேடலாம். வண்டி உருண்டுகொண்டிருக்கும்போதே முள் பொத்தென்று பூஜ்யத்துக்கு விழுந்தால், என்ஜின் சுற்றுவதையே கம்ப்யூட்டர் பார்க்கவில்லை என்று அர்த்தம். எனக்கு விழுந்தது.

நோட்டை எடுத்துக்கொண்டு மெக்கானிக்கிடம் போனேன். இந்தத் தடவை அவர் கிளட்ச் பற்றிப் பேசவில்லை. பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “சாயங்காலம் கொண்டாங்க சார், நெரிசல்ல நானும் வரேன்” என்றார். அன்றைக்கு வண்டி நின்றது. பானெட்டைத் திறந்து கிராங்க் சென்சார்மேல் ஈரத்துணியைச் சுற்றி பாட்டில் தண்ணீரை ஊற்றினார். கால் மணி நேரம் காத்திருக்கவேண்டிய வண்டி இரண்டு நிமிஷத்தில் ஸ்டார்ட் ஆனது. சூட்டில் சிக்னலை இழக்கும் சென்சார். பாகத்தின் விலை ஒரு தடவை டாங்க் நிரப்புகிற காசுகூட இல்லை.

அவர் கெட்டிக்காரர். முதல் மூன்று தடவையும் அதே கெட்டிக்காரர்தான். வித்தியாசம் என்னவென்றால் முதலில் நான் அவரிடம் கொடுத்தது “சில சமயம் நிக்குது” என்ற ஒரு வரி. அவரிடம் இருந்தது பத்து கிலோமீட்டர் காலை வெயிலும் ஒரு ஸ்கேனரும். இரண்டிலும் அந்தக் கோளாறு இருக்க இடமே இல்லை. ஜார்ஜியாவில் அந்தப் பெண் வண்டியை விட்ட இடத்திலும் கெட்டிக்காரர்கள் இருந்திருப்பார்கள். ஆனால் அவர்களுக்கு வழிகாட்டியிருக்கவேண்டிய குறிப்பில், அவர் வாயால் சொல்லியிருக்கக்கூடிய அந்தச் சொல்லை எடுத்துவிட்டிருந்தார்கள்.

போன மாதம் எங்கள் ஆபீசில் ஒரு டிக்கெட் வந்தது. மாதத்துக்கு ஒரு முறை ஒரு வாடிக்கையாளருக்கு மட்டும் கணக்கு தப்பாகிறது. பையன் ஒருவன் இரண்டு நாள் முயன்றுவிட்டு, “வரவில்லை, மூடிவிடலாமா?” என்று கேட்டான். மூடாதே என்றேன். “வரவில்லை” என்பதை அழித்துவிட்டு, எந்த நிலைமையில் எத்தனை முறை ஓட்டிப் பார்த்தாய், எதைப் பார்க்க முடியவில்லை என்று எழுதி, திறந்தே வை என்றேன். இன்னும் திறந்திருக்கிறது.